விபூதிக்கு அடியில்

திருவண்ணாமலை,
14 ஜூலை 2025

அன்புள்ள மன்னிக்கு,

சோமேஷ் நமஸ்காரம். அண்ணாவின் காரியம் முடிந்து நீங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோது, "போன் மட்டும் பண்ணாதேடா, உன் குரல் அப்படியே உங்க அண்ணா குரல், என்னால தாங்க முடியாது" என்று சொன்னீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். விலாசம் அம்மா ரகசியமாகக் கொடுத்தது. அப்பாவுக்குத் தெரியாது.

அண்ணாவுக்கு இருந்த அதே எக்ஸிமா எனக்கும் வந்துவிட்டது. முழங்கை மடிப்பில் சின்னதாக ஆரம்பித்து, கழுத்து, மார்பு, கை, தொடை என்று பரவிவிட்டது. பூசாத களிம்பு இல்லை, குடிக்காத கஷாயம் இல்லை. பங்குனியில் ஒரு நாள் அபிஷேகக் குடத்தைத் தூக்கும்போது என் விரல் வெடிப்பில் ரத்தம் துளிர்த்தது. முன்னால் நின்ற ஓர் அம்மாள் பார்த்துவிட்டாள். அப்பா குடத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான். அன்றிலிருந்து நான் சன்னதிக்குள் போகவில்லை. தோல் ஆறினால் மறுபடியும் சுவாமியைத் தொடலாம். ஆறாவிட்டால் என்ன ஆகும் என்று நம் வீட்டில் ஏற்கெனவே ஒரு முறை பார்த்தாயிற்று.

வேங்கிக்காலில் அண்ணா போன அதே தோல் டாக்டரிடம்தான் போகிறேன். அதே லைட் ட்ரீட்மென்ட், அதே பெட்டி. நீங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பீர்களே தவிர உள்ளே பார்த்திருக்க மாட்டீர்கள். பீரோ அளவில் இருக்கிறது. நாலு பக்கமும் ஆள் உயரத்துக்குக் குழல் விளக்குகள். உள்ளாடையோடு உள்ளே நின்று கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டதும் சிஸ்டர் ஜீனத் கதவைச் சாத்துகிறார். மேலே ஒரு விசிறி ஓடும். ஊதா வெளிச்சம் கண்ணாடிக்குள்ளும் கொஞ்சம் கசிகிறது. ஒவ்வொரு முறையும் நேரத்தைக் கொஞ்சம் கூட்டுகிறார்கள். "இன்னிக்கு ஒரு கொசுறு ஜாஸ்தி வெக்கிறேன் சாமி, எரிஞ்சா கூப்பிடுங்க" என்பார் ஜீனத்.

எரியவில்லை. வேறொன்று இருக்கிறது. சிரிக்காதீர்கள்.

கதவு சாத்தியதும் என் வலது தோளுக்குப் பக்கத்தில் யாரோ மூச்சு விடுகிறார்கள். வாயால் விடுகிற மூச்சு. அண்ணாவுக்கு எப்போதும் மூக்கடைப்பு, வாயால்தான் மூச்சு விடுவார் என்பது உங்களுக்குத் தெரியாததா? விளக்கு அணைந்ததும் மூச்சும் நின்றுவிடுகிறது. அண்ணா அந்தப் பெட்டியைப் பற்றி உங்களிடம் ஏதாவது சொன்னாரா? பயமாக இருக்கிறது மன்னி. அடுத்த முறை போவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

இப்படிக்கு,
சோமேஷ்

•

காஞ்சிபுரம்,
19 ஜூலை 2025

சிரஞ்சீவி சோமேஷுக்கு ஆசிகள்.

இரண்டு வருஷமாக நான் இருக்கிறேனா செத்தேனா என்று கேட்காத வீட்டிலிருந்து ஒரு கடிதம் வருகிறது, அதில் பேய்க் கதை. நன்றாக இருக்கிறது போ.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. கோபம்தான். உன் அப்பா எல்லார் முன்னாலும் என்ன சொன்னார்? "நீதான் என் பிள்ளையை அந்த வெளிச்சத்துக்கு அழைச்சுண்டு போனே." ஆமாம், நான்தான் அழைத்துப் போனேன். ராத்திரி முழுக்கச் சொறிந்து சொறிந்து விடிகாலையில் உட்கார்ந்து அழுகிற மனுஷனை நான் வேறு எங்கே அழைத்துப் போவேன்? அந்த வெளிச்சத்தில் அவருக்குக் குணமாகிக்கொண்டிருந்தது. கல்யாணமாகி முதல்முறையாக அவர் குறட்டை விட்டுத் தூங்கியதை நான் பார்த்தது அந்த ஆவணியில்தான். சந்தோஷத்தில் நான் முழித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

பிறகு ஒரு நாள் நிறுத்திவிட்டார். ஏன் என்று கேட்டதற்குப் பாயை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டார். என்னைக் கிட்டத்தில் விடவில்லை. எப்போதும் மார்பில் துண்டு, அதற்கடியில் அப்பிய விபூதி. காய்ச்சல் வந்து நினைவு தப்பிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கே மார்பு முழுக்கக் கட்டுப் போட்டிருந்தார்கள். புண் சீழ் பிடித்து ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். புரட்டாசியில் போய்விட்டார். ஏன் நிறுத்தினார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது சோமேஷ். என்னோடு என்ன கோபம் என்றும் தெரியாது. அதைத்தான் நான் தினமும் மென்றுகொண்டிருக்கிறேன்.

மூச்சு என்பது விசிறிச் சத்தம் என்று எழுதலாம். உன்னிடம் எதற்குப் பொய்? இந்த விடுதி அறையில் காலையில் படுக்கையை மடிக்கும்போது விரிப்பில் வெள்ளையாகத் தூள் கிடக்கிறது. அவர் தோல் உதிர்ந்து கிடக்குமே, அதே மாதிரி. மேலே சுண்ணாம்புக் கூரை, அது உதிர்கிறது, எனக்குத் தெரியும். ஆனாலும் உதறாமல் அப்படியே மடித்து வைக்கிறேன். என்னோடு தங்கியிருக்கும் பூஜா என்கிற டீச்சர் என்னை ஒரு மாதிரி பார்க்கிறாள்.

மூச்சு விடுகிறவர் விட்டுக்கொண்டு போகட்டும். நீ பாதியில் நிறுத்தாதே. அவர் நிறுத்தினார், செத்தார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

தேவசேனா

•

திருவண்ணாமலை,
21 ஆகஸ்ட் 2025

அன்புள்ள மன்னிக்கு,

நிறுத்தவில்லை. நீங்கள் திட்டியதற்காகவே போனேன். பலன் தெரிகிறது. கழுத்து ஆறிவிட்டது. விரல் வெடிப்புகள் மூடிவிட்டன. சாதத்தைப் பிசைந்தால் இப்போது எரிவதில்லை. அம்மா என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே போய் அழுதாள். அப்பா மட்டும் நான் வேங்கிக்கால் போகிற நாட்களில் என்னோடு பேசுவதில்லை. "ஒரு பிள்ளையை அந்தப் பெட்டி தின்னது போறாதா?" என்று அம்மாவிடம் கேட்டாராம்.

பெட்டிக்குள் பூணூலை என்ன செய்வது என்பது பெரிய பிரச்சினையாக இருந்தது. கடைசியில் காதில் சுற்றிக்கொள்கிறேன். ஜீனத் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "உங்க அண்ணனும் இப்படித்தான் சாமி" என்றார்.

ஆனால் ஒரு விஷயம் புரியவில்லை. உடம்பு முழுக்க ஆறுகிறது, விபூதிப் பட்டை போடுகிற இடங்களில் மட்டும் ஆறவில்லை. மார்பில் மூன்று கோடு, இரண்டு புஜத்திலும் மூன்று மூன்று கோடு. அந்த இடம் மட்டும் பழையபடி சிவந்து, நமைத்து, நீர் கோர்த்து நிற்கிறது. சுற்றியுள்ள தோல் கறுத்து, மெத்தென்று ஆகிவிட்டது. சட்டையைக் கழற்றினால் யாரோ அளவெடுத்து வரைந்த மாதிரி இருக்கிறது. அம்மா அதைப் பார்த்தால் கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள். "அந்த இடம் ஸ்வாமியோடது, அதை வெளிச்சம் தொடாது" என்கிறாள்.

மூச்சு இன்னும் இருக்கிறது. முன்னைவிடக் கிட்டத்தில் கேட்கிறது. நேற்று நான் மெதுவாக "அண்ணா" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். மூச்சு ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடியும் விட்டது.

சோமேஷ்

•

காஞ்சிபுரம்,
26 ஆகஸ்ட் 2025

சிரஞ்சீவி சோமேஷுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் சிரித்தேன். பிறகு உன் காதைத் திருக வேண்டும் போல் இருந்தது. விபூதியோடா போய் நிற்கிறாய்?

அவரும் அப்படித்தான் போனார். உச்சிக்கால பூஜை முடிந்து, குழைத்துப் பூசின பட்டையோடு நேரே வேங்கிக்கால். அவருக்கும் பட்டைக்கு அடியில் ஆறவேயில்லை. அப்போது எனக்கும் அது உறைக்கவில்லை. எண்ணெய், க்ரீம், பவுடர் எதுவும் பூசிக்கொண்டு வரக்கூடாது என்று முதல் நாளே சொல்லியிருப்பார்களே. எங்களிடமும் சொன்னார்கள். "பவுடரா, நான் எங்கே பவுடர் போடறேன்?" என்று அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். விபூதியை யார் பவுடர் என்று நினைப்பார்கள்? குளித்தால் பூசுவோம், வெறும் நெற்றியோடு வாசலைத் தாண்ட மாட்டோம். அது பூச்சு என்றே நமக்குத் தோன்றாது.

நான் இங்கே பாடம் எடுக்கும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்வது போல உனக்கும் சொல்கிறேன். குடை பிடித்தால் நனைய மாட்டாய். விபூதி குடை பிடிக்கிறது. அந்த இடத்துக்கு வெளிச்சம் போகவில்லை, அவ்வளவுதான். அடுத்த முறை உள்ளே போகிறதற்கு முன்னால் வெளிக்குழாயில் நன்றாகக் கழுவித் துடைத்துக்கொண்டு போ. வந்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் பூசிக்கொள். உன் அம்மாவிடம் சொல்லாதே, பாவம்.

தே.

•

திருவண்ணாமலை,
4 செப்டம்பர் 2025

மன்னி,

நீங்கள் சொன்னபடி செய்தேன். செவ்வாய்க்கிழமை குழாயடியில் விபூதியைக் கழுவிவிட்டு உள்ளே போனேன். அன்று மூச்சு கேட்கவில்லை. நல்லதாயிற்று என்று நினைத்தேன்.

ராத்திரியே மார்பு கனன்றது. விடிந்து பார்த்தால் மூன்று கோடு. மார்பிலும் புஜங்களிலும் நெற்றியிலும், விபூதி போடுகிற இடத்தில் மட்டும், விபூதி போடுகிற அகலத்துக்கே, ரத்தச் சிவப்பாக வெந்திருக்கிறது. மார்பில் கொப்புளம். சுற்றியுள்ள தோலுக்கு ஒன்றுமில்லை.

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அண்ணாவை நாங்கள் குளிப்பாட்டியபோது, ஆஸ்பத்திரிக் கட்டை அவிழ்த்தோம். மார்பில் மூன்று கோடு இருந்தது. கறுத்து, அழுகி, ஆனால் நேராக மூன்று கோடு. நானும் அப்பாவும் சித்தப்பாவும் பார்த்தோம். அப்பா அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு, "பார்த்தியாடா, அண்ணாமலையார் தன் கையாலயே பட்டை போட்டு அழைச்சுண்டுட்டார்" என்றார். பெண்களிடம் சொல்ல வேண்டாம் என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இரண்டு வருஷமாக நடமாடுகிறார். நானும் அதை நம்பித்தான் தூங்கினேன்.

இப்போது என் மேலும் அதே கை விழுந்திருக்கிறது. அண்ணாவும் ஒரு நாள் விபூதியை அழித்துவிட்டுப் போயிருக்க வேண்டும். அதனால்தான் நிறுத்தினார். அதனால்தான் உங்களிடம் காட்டவில்லை.

நேற்று அப்பா பார்த்துவிட்டார். அவர் கத்தவில்லை. புது விபூதியைக் குழைத்து அவரே அந்தக் கொப்புளத்தின் மேல் கெட்டியாகப் பூசிவிட்டார். காலையும் மாலையும் பூசுகிறார். "இனிமே அழிக்காதே, கேட்டுக்கோ" என்றார். போனை வாங்கி அணைத்து வைத்துவிட்டார். காய்ச்சல் மாதிரி இருக்கிறது. இனி அங்கே போக மாட்டேன். நீங்களும் எழுத வேண்டாம். உங்கள் மேல் தப்பில்லை.

சோமேஷ்

•

காஞ்சிபுரம்,
6 செப்டம்பர் 2025, மதியம்

சோமேஷ்,

உன் போனுக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன், அணைந்திருக்கிறது. இதை எழுதி, படம் பிடித்து ஜீனத்துக்கு அனுப்புகிறேன். அவள் அச்செடுத்து உன் வீட்டு வாசலுக்கே கொண்டுவருவாள். அவளை உள்ளே விடு. இந்தக் கடிதத்தை உன் அப்பா முன்னால் படி.

முதலில் அந்த விபூதியைக் கழுவு. இப்போதே. மீதியைப் பிறகு படி.

நான் ஜீனத்தோடும் டாக்டரோடும் பேசினேன். அந்தப் பெட்டியில் வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது தோல் பழகுவதற்காக. உன் உடம்பு பழகிவிட்டது. பட்டைக்கு அடியில் இருந்த தோலுக்கு ஒரு நாளும் வெளிச்சம் பட்டதேயில்லை. அதைக் கழுவிவிட்டு நீ போய் நின்றாய். மற்ற தோலுக்கு அது எத்தனையோ முறைகளுக்குப் பிறகு ஒரு முறை. அந்த மூன்று கோட்டுக்கு மட்டும் அது முதல் நாள். முதல் நாளே முழு வெளிச்சம். வெந்துபோகாமல் என்ன செய்யும்? கழுவு என்று சொல்லத் தெரிந்த எனக்கு, டாக்டரிடம் சொல்லிவிட்டுக் கழுவு என்று சொல்லத் தெரியவில்லை. உன் மேல் விழுந்தது சுவாமியின் கை இல்லை. என் அரைகுறைப் புத்தி.

ஜீனத்திடம் கேட்டேன், "ரெண்டு பேரும் விபூதியோட வந்து நிக்கறதைப் பார்த்துண்டு எப்படிம்மா சும்மா இருந்தே?" என்று. அவள் அழுதாள். "நான் ஒரு துலுக்கப் பொண்ணு. ஒரு குருக்களைப் பார்த்து விபூதியை அழிச்சிட்டு வாங்கன்னு எப்படிங்க சொல்லுவேன்? தப்பா எடுத்துப்பாங்கன்னு பயந்தேன். சோமேஷ் சாமி அன்னிக்கு அவராவே கழுவிட்டு வந்தப்ப எனக்கு நிம்மதியாக்கூட இருந்துச்சுங்க. டாக்டர்கிட்ட சொல்லணும்னு தோணவே இல்ல." அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மரியாதைக்கு வாயை மூடிக்கொண்டாள். நாமும் அப்படித்தானே வளர்ந்தோம்.

பிறகு அவரைப் பற்றிக் கேட்டேன். அவர் கடைசியாக வந்த நாள் அவளுக்கு நினைவிருக்கிறது. நல்ல மழை, அன்றைக்கு நான் கூடப் போகவில்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோ கிடைக்காமல் நடந்தே வந்திருக்கிறார். தொப்பலாக நனைந்து வாசலில் நின்றவருக்கு இவள்தான் துண்டு கொடுத்திருக்கிறாள். "தலையத் தொவட்டுங்க சாமி, ஜுரம் வந்துடும்" என்று சொன்னாளாம். அவர் தலையைத் துவட்டி, உடம்பையும் துடைத்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறார். அதற்கப்புறம் வரவேயில்லை. இவள் போன் பண்ணியும் எடுக்கவில்லை.

சோமேஷ், அவர் விபூதியை அழிக்கவில்லை. மழை அழித்தது.

அவர் என்ன நினைத்தார் என்று இப்போது தெரிகிறது. துடைத்தது குற்றம், சுவாமி சுட்டுவிட்டார் என்று நினைத்திருக்கிறார். அந்த வெந்த புண்ணின் மேல் மன்னிப்புக் கேட்டுக் கேட்டு விபூதியை அப்பியிருக்கிறார். உங்கள் வீட்டில் இப்போது நடப்பது போலவே. என்னிடம் கோபமில்லை அவருக்கு. வெட்கம். இரண்டு வருஷமாக நான் தேடிய பதில் ஒரு மழை.

அவருக்கு மழை செய்ததை உனக்கு நான் செய்தேன். அவர் போன வழியிலேயே நீ போகாதே. ஜீனத்தோடு கிளம்பி டாக்டரிடம் போ. நாளைக் காலைக்குள் நீ போகாவிட்டால் நான் வந்து உங்கள் வாசலில் நின்று கத்துவேன். உன் அப்பா கழுத்தைப் பிடித்துத் தள்ளினாலும் நிற்பேன்.

தேவசேனா

•

திருவண்ணாமலை,
24 செப்டம்பர் 2025

அன்புள்ள மன்னிக்கு,

பிழைத்துக்கொண்டேன். புண் ஆறுகிறது. அன்றைக்கு என்ன நடந்தது என்று ஜீனத் உங்களுக்குக் கொஞ்சம் சொல்லியிருப்பார். மீதியை நான் சொல்கிறேன்.

காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஜீனத் வாசலிலேயே நின்றார், படியேறவில்லை. அப்பாதான் போய் வாங்கினார். என்னிடம் கொடுக்காமல் அவரே படித்தார். மழை என்ற இடத்தில் நிறுத்தினார் என்று நினைக்கிறேன், ஏனென்றால் ஜீனத்தை நிமிர்ந்து பார்த்து, "மழையா பெஞ்சுது?" என்று கேட்டார். "ஆமாங்க சாமி. நான்தான் டவல் குடுத்தேன்." அப்பா மறுபடியும், "மழையா?" என்றார். பிறகு அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ என் பிள்ளை சும்மாவா செத்துப்போனான்?"

சுவாமி அழைத்துக்கொண்டார் என்று இருந்தவரை அவருக்கு ஒரு பிள்ளை எங்கேயோ இருந்தான் மன்னி. அன்றைக்குத்தான் அண்ணா செத்த மாதிரி அவர் அழுதார். அம்மா அவரைத் தொடப் பயந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உங்கள் கடிதத்தின் மேல் எனக்குக் கோபம்கூட வந்தது. அவரிடமிருந்து அதையும் பிடுங்கிக்கொண்டீர்களே என்று.

பிறகு அவரே எழுந்து, செம்பில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, என் மார்பிலிருந்த விபூதியைக் கழுவினார். அழுத்தாமல், மெதுவாக. அதே கை, அதே மாதிரிதான் அண்ணாவைக் குளிப்பாட்டியது. நான் உயிரோடு இருக்கிறேன் என்று அவருக்குச் சொல்ல வேண்டும் போலிருந்தது. வலித்தபோது வேண்டுமென்றே கொஞ்சம் சத்தமாக முனகினேன்.

நேற்று மறுபடியும் பெட்டிக்குப் போனேன். உடம்பு முழுக்க வெறுமையாக, முதல் நாள் வைத்த குறைந்த நேரத்திலிருந்து. அப்பா கூடவே வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். டாக்டர் கதவுப் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒன்று ஒட்டியிருக்கிறார்: விபூதி, சந்தனம், குங்குமம், அத்தர் எதுவும் கூடாது. ஜீனத் இப்போது எல்லாரையும் கூச்சமில்லாமல் விரட்டுகிறார். உள்ளே விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. அது எனக்கு நிம்மதியாக இல்லை மன்னி. இனி அண்ணா எங்குமே இல்லை என்றுதான் இருந்தது.

திரும்பும்போது ஆட்டோவில் அப்பா ஒரு கேள்வி கேட்டார். இரண்டு வருஷமாக அவர் கேட்காத கேள்வி. சுவாமி செய்த காரியத்தில் அதைக் கேட்கத் தோன்றாது போலிருக்கிறது. "ஏண்டா, அவனுக்கு ரொம்ப வலிச்சுதா?"

எனக்குத் தெரியாது அப்பா, மன்னிக்குத்தான் தெரியும் என்றேன்.

"கேட்டு எழுது" என்றார்.

சோமேஷ்

•

காஞ்சிபுரம்,
29 செப்டம்பர் 2025

சிரஞ்சீவி சோமேஷுக்கு,

வலித்தது என்று எழுதி, கிழித்துப்போட்டேன். தெரியாது என்று எழுதி, அதையும் கிழித்தேன். இந்த மூன்றாவது காகிதத்தில் அதை எழுதப்போவதில்லை.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். நான் உன் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டிய பதில் அது. அவர் அழுதால் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும், நான் அழுதாலும் வேண்டும். அவரிடம் சொல்லிவை.

தேவசேனா